அமிர்தா பிரீதம்: ஒரு கவியுள்ளத்தின் திருப்பம்

பஞ்சாபிக் கவிஞர் அமிர்தா பிரீதம் 1919இல் குஜ்ரன்வாலாவிற் பிறந்தார். தந்தையார் கவிஞர், சீக்கிய சமயப் பிரசாரகருமாவார். பதினொரு வயதில் தாயை இழந்தபோது, தமது பிரார்த்தனைக்குச் செவிசாய்க்காத கடவுள்மீது நம்பிக்கையிழந்ததாகத் தன்வரலாற்றிற் கூறுகின்றார். ஆயினும், 1936இல் வெளிவந்த முதற்றொகுதியான ‘அம்ரித் லெஹ்ரான்’ மரபுவழிப்பட்ட சமயப்பாங்கினதாகவே அமைந்தது. இம்முரண்பாடு ஊன்றி நோக்கற்பாலது. அகத்தே எழுந்த ஐயத்திற்குத் தந்தையாரின் இல்லமும் அவர்வழி வந்த கவிமரபும் இடந்தரவில்லை போலும். இத்தொகுதியை இளமைப் பயிற்சியென ஒதுக்கிவிடுதல் எளிது, பொருந்தாது.

லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதலாவது மாநாடு கூடியதும் அவ்வாண்டிலேயாம். அக்குரல் அவர் கவிதையிற் கலக்க எட்டாண்டுகள் சென்றன. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தையடுத்து வந்த ‘லோக் பீட்’ (மக்கள் வேதனை, 1944) அத்திருப்பத்தைக் காட்டுகின்றது.

1947இன் பிரிவினை அவரை லாகூரிலிருந்து பெயர்த்தது. அவ்வேளை அவர் முறையிட்டது கடவுளிடமன்று. ‘ஹீர்’ காவியம் பாடிய பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் வாரிஸ் ஷாவிடம்.