குவாண்டம் கணினி: நம் வீட்டுக்கு என்ன பயன்?

கோரிப்பாளையத்தில் கறி வாங்கிவிட்டு, கடையில் தொங்கும் கியூஆர் அட்டைக்கு நேரே போனை நீட்டுகிறோம். பணம் போய்விடுகிறது. வழியில் யாரும் அதைத் திருடாமல் காப்பது ஒரு கணக்கு. குவாண்டம் கணினி சாமானியர்களை முதலில் தொடப்போவது இந்த இடத்தில்தான்.

53ஐ 61ஆல் பெருக்கினால் 3233. பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். 3233ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டுப் பாருங்கள், நேரமாகும். அதுவே அறுநூறு இலக்க எண் என்றால் இன்றைய கணினிகளால் முடியாது. இணையத்தின் பல பூட்டுகள் இந்தச் சிரமத்தை நம்பியே இருக்கின்றன. வலிமையான குவாண்டம் கணினி இதை உடைத்துவிடும் என்று 1994லேயே பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் காட்டினார்.

பயப்பட வேண்டாம், அவ்வளவு வலிமையான இயந்திரம் இன்னும் வரவில்லை. கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த வில்லோ சிப்பில் 105 கியூபிட்கள்தான். பூட்டை உடைக்க லட்சக்கணக்கில் தேவைப்படலாம். அதற்குள் பூட்டை மாற்றும் வேலையும் தொடங்கிவிட்டது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்ட்டில் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. போனும் வங்கிச் செயலியும் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். புதிய பூட்டுகள் அந்த வழியாகத்தான் நம் கைக்கு வரும்.

சரி, நன்மை? மேலூர், வாடிப்பட்டி வயல்களுக்குப் போடும் யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான அம்மோனியாவைத் தயாரிக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் கடும் அழுத்தமும் வேண்டும். உளுந்துச் செடியின் வேரில் வாழும் பாக்டீரியாவோ சாதாரண மண்சூட்டிலேயே காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது! அதன் நொதி இதை எப்படிச் செய்கிறது என்று முழுதாகக் கணக்கிட சூப்பர் கணினிகளே திணறுகின்றன. குவாண்டம் கணினிக்கு ஏற்ற வேலை இது. புதிய மருந்துகளுக்கான மூலக்கூறு ஆய்வும் அப்படியே. பலன் வந்தால் உர மூட்டையிலும் மாத்திரையிலும் வரும், நம் மேசைக்கு அல்ல. இன்றைய இயந்திரங்கள் பலவற்றை மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிரில் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில் இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் விரும்பிப் படிக்கும் பிள்ளைகள் கவனிக்கலாம்.

ஒன்று மட்டும். கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, சில நிமிடங்களில் கல்லீரல் முதல் சிறுநீரகம் வரை அறிக்கை அச்சடித்துத் தரும் ‘குவாண்டம் பரிசோதனை’க்கும் இந்தக் கணினிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பணத்தில் அத்தா, அம்மாவுக்குச் சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம்.