படத்தின் பின்புறம் ஊரை எழுதுங்கள்

சான் ஹோசே நகரின் சீனர் குடியிருப்பு 1887 மே 4ஆம் திகதி தீவைத்து எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அம்மக்கள் வேறிடத்தில் கோயில் எழுப்பினர். 1949இல் அது இடிக்கப்பட்டபோதும் பீடம் காத்து வைக்கப்பட்டது. 1991இல் கெல்லி பூங்காவில் அக்கோயில் மீள எழுந்தபோது அப்பீடமே உள்ளே வைக்கப்பட்டது. 2007இல் வியட்நாமிய அகதிகளும் அங்கே தமக்கொரு அருங்காட்சியகம் திறந்தனர். எரித்த பழிக்காக நகரசபை 2021இல் சீன மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

1981இல் யாழ். பொது நூலகத்தைத் தீக்குப் பறிகொடுத்தவர்கள் நாம். எரிந்த ஏடுகள் திரும்பவில்லை. எம்மவர் வீடுகளில் எஞ்சியிருப்பதையாவது காப்போம். அலுமாரியில் கிடக்கும் படங்களின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். அம்மம்மா சொல்லும் ஊர்க்கதைகளைப் பதிவு செய்யுங்கள். படத்தில் நிற்பவர் இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் எம்மோடு இருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும்.