தினம் 24 மிட்டாய்!
சொத்தைப் பல்லுக்காக நடந்த சோதனை

சாப்பாட்டுக்கு நடுவே மிட்டாய் தின்றுகொண்டே இருந்தால் பல் சொத்தையாகும். இது இன்று எல்லோருக்கும் தெரியும். பல் டாக்டர் சொல்கிறார். வீட்டில் அம்மாவும் சொல்கிறாள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கதை இனிப்பானது அல்ல.

ஐரோப்பாவின் வடக்கே சுவீடன் என்ற நாடு இருக்கிறது. அங்கே 1930-களில் சொத்தைப் பல் பெரும் தொல்லையாக இருந்தது. சிறு குழந்தைகளும் பல்வலியால் துடித்தார்கள். 1938-ல் சர்க்கார் பொதுமக்களுக்கான பல் வைத்தியத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அடைக்க அடைக்கப் புதிய சொத்தை வந்துகொண்டே இருந்தது. "காரணம் சர்க்கரையா, சத்துக் குறைவா?" என்று டாக்டர்களிடையே வாதம் நடந்தது. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

யாரை வைத்துச் சோதிப்பது?

லுண்டு நகரில் விபேஹோல்ம் என்ற ஆஸ்பத்திரி இருந்தது. மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்காக சர்க்கார் 1935-ல் திறந்த ஆஸ்பத்திரி அது. அங்கே இருந்தவர்கள் வெளியே போக மாட்டார்கள். கொடுத்ததைத் தின்பார்கள். சோதனைக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்!

1945-ல் சோதனை தொடங்கியது. முதலில் வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். 1947-ல் இனிப்புக்கு மாறினார்கள். நோயாளிகளைப் பல கூட்டமாகப் பிரித்தார்கள். சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை. சிலருக்குச் சாக்லெட். ஒரு கூட்டத்துக்கு தினம் 8 டாபி. இன்னொரு கூட்டத்துக்கு தினம் 24 டாபி! பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி அவை தனியாகச் செய்யப்பட்டவை. சர்க்கரை, மிட்டாய்க் கம்பெனிகளும் இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தன.

டாபி தின்றவர்களின் பற்கள் மளமளவென்று சொத்தையாயின. சாப்பாட்டோடு மட்டும் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்று தெரிந்தது. 436 பேரைப் பற்றிய அறிக்கை 1954-ல் வெளிவந்தது.

அதன் பிறகு சுவீடனில் 'சனிக்கிழமை மிட்டாய்' வழக்கம் பரவியது. வாரத்தில் ஒரு நாள்தான் மிட்டாய். எத்தனையோ குழந்தைகளின் பல் பிழைத்தது.

ஆனால் விபேஹோல்ம் நோயாளிகள்? பாவம், அவர்கள் பல் போனது போனதுதான். முளைத்த பல் கெட்டால் திரும்ப முளைக்குமா? அவர்களிடம் சம்மதம் என்ற பேச்சே எழவில்லை.

இத்தனைக்கும், அதே 1947-ல்தான் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரில் நாஜி டாக்டர்கள் மீதான வழக்கில் தீர்ப்பு வந்தது. மனிதர் மீது சோதனை நடத்த அவரது மனப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்பதே அதில் சொன்ன முதல் விதி. அது கொடியவர்களுக்கான விதி, நல்ல டாக்டருக்கு எதற்கு என்பது போலவே அந்நாளில் பலர் நடந்துகொண்டார்கள். விபேஹோல்ம் டாக்டர்களும் கெட்டவர்கள் அல்ல. குழந்தைகளின் பல்லைக் காக்க நினைத்தவர்கள்தான். அதுதான் இதில் சிக்கல்.

நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தச் சோதனை பாடமாக இருக்கிறது. எந்தக் கூட்டத்துக்கு எத்தனை டாபி என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் படித்தால் நல்லது.

இப்போது சட்டதிட்டம் மாறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட விதிகளின்படி, ஆராய்ச்சி தொடங்குமுன் ஒரு நெறிமுறைக் குழு அதை அனுமதிக்க வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர் அல்லாத சாதாரண மனிதரும் இருக்க வேண்டும். விவரத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தானே முடிவு செய்ய முடியாதவர் என்றால் காப்பாளரின் சம்மதம் தேவை.

இதை வெறும் கையெழுத்து வேலையாக நினைக்கும் டாக்டரும் உண்டு. பல் வைத்தியத்தில் அது இன்னும் சுலபம். நோயாளி நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். வாய் திறந்திருக்கிறது. வலி வேறு. வைத்தியம் பார்க்கும் டாக்டரே ஆராய்ச்சிக்கும் கேட்டால், "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்?

பிடுங்கிய பல்லும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. அடைக்கும் மருந்து நன்றாக ஒட்டுகிறதா என்று அதில்தான் சோதிக்கிறார்கள். தூக்கி எறியப் போகும் பல்தானே என்று தோன்றலாம். ஆனாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்டு மறுத்தால், வைத்தியத்தில் எந்தக் குறையும் வைக்கக்கூடாது. இதையும் முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும்.