கடலுப்பு காயுமுன்
மும்பையிலிருந்து மால்வண், தார்க்கர்லி சென்று ஸ்கூபா மூழ்கும் வாடிக்கையாளர்களுள் சிலர் சொந்தமாகவே கருவிகள் வாங்குகின்றனர். கரையேறியவுடன் அவற்றை நன்னீரில் ஊறவைத்தல் வேண்டும். காய்ந்து படிகமான உப்பு இடுக்குகளிலிருந்து எளிதில் அகலாது, உலோகத்தை அரிக்கும்.

மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டருக்கே மிகுந்த கவனம் தேவை. காற்று உருளையுடன் இணையும் அதன் முனையை உரிய மூடியால் இறுக மூடிய பின்னரே நீரில் இடவேண்டும். மூடியின் உட்புறமும் ஈரமற்றிருத்தல் அவசியம். ஊறும்போது, வாயில் கவ்வும் பகுதியிலுள்ள பொத்தானை அழுத்தலாகாது. அழுத்தினால் குழாய்வழி நீர் உட்புகும். ஒருமுறை அழுத்திவிட்டு, பழுதுநீக்கக் கட்டணம் செலுத்தியவன் நான்.

மிதவைச் சட்டைக்குள்ளும் நன்னீர் ஊற்றிக் குலுக்கி வடித்திடுக. நியோப்ரீன் உடையைக் கடும் வெயில் கெடுக்கும், நிழலே ஏற்றது. மழைக்காலத்தில் மால்வணில் மூழ்குதல் நிறுத்தப்படுவதால், கருவிகள் மாதக்கணக்கில் பையிலேயே கிடக்கும். செம்பூர், மாட்டுங்கா வீடுகளின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பற்றாதிருக்க, மின்விசிறியின்கீழ் முற்றும் உலர்ந்தனவற்றையே உள்ளே வைத்தல் வேண்டும்.