எண்ணெயையும் நீரையும் இணைக்கும் லெசித்தின்

எண்ணெயும் நீரும் ஒட்டா என்பர். அவ்விரண்டையும் இணைப்பது லெசித்தின். அதன் ஒரு முனை நீரையும் மறுமுனை கொழுப்பையும் பற்றும். முட்டையின் மஞ்சட்கருவில் இதனைக் கண்ட பிரெஞ்சு வேதியியலார் கோப்லே, 1850-இல் இப்பெயரைச் சூட்டினார். சூரியகாந்தி எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது நீர் சேர்த்தால் பிசினாகப் பிரிவதும் இதுவே. சாக்லேட் உறைகளில் காணும் 322 என்ற எண் இதன் அடையாளம். சோயா ஒவ்வாதோர்க்குச் சூரியகாந்தி லெசித்தின் ஏற்றது. கல்லீரலுக்கும் நரம்புகளுக்கும் வேண்டிய கோலின் இதில் உண்டு. ஆயினும், அதற்காக விலையுயர்ந்த மாத்திரைகளை நாடவேண்டுவதில்லை. முட்டையிலும், நம் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பெயர் தந்த டி.எம்.வி. நிலக்கடலையிலும் கோலின் இருக்கிறது. விளம்பரத்தை நம்புமுன் நம் மண்ணின் விளைச்சலை அறிவோமாக!