வேற்றாளும் வேற்றினமும்

ஓர் உடற்கு ஓர் ஆள் என்பது உலகத்தார் கொண்ட துணிபு. பெயர் ஒன்று, நினைவு ஒன்று, குலம் ஒன்று எனக் கொண்டே நாம் ஒருவரை அறிகின்றோம். இதற்கு மாறாக, ஒரே உடலில் இருவரோ பலரோ மாறி மாறித் தோன்றுதலும், ஒருவர் செய்ததை மற்றவர் அறியாதிருத்தலும் உண்டென உளமருத்துவ நூலார் கூறுவர். முன்னர்ப் ‘பல ஆளுமைக் கோளாறு’ என வழங்கிய இந்நிலைக்கு, 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேடு ‘பிரிநிலை அடையாளக் கோளாறு’ எனப் பொருள்படும் பெயரை இட்டது. இளமையில் நேர்ந்த கொடுந் துன்பமே இதன் தோற்றத்தோடு பெரிதும் தொடர்புடையது என்பர். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களில் இந்நோயுற்றோருள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் இளமையில் வன்கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர் என அக்கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு குறிக்கின்றது.

இங்ஙனம் தோன்றும் ஆளினை இக்கட்டுரையில் ‘வேற்றாள்’ என்போம். வேற்றாள் வெறுங் குரலாக வருதல் அரிது. அவர்க்குப் பெயர் உண்டு. வயதும் பாலும் உண்டு. சிலபோது உடற்குரியவர் பிறவாத இனமும் உண்டு. அவ்வினம் யாண்டிருந்து வருகின்றது? அதனை எங்ஙனம் மதித்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் தமிழ்ச் சான்றுகள் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இனம் என்னுஞ் சொல் ஈண்டுக் குலம், மொழி, நாடு என்பவற்றையும் தழுவி நிற்கும்.

1. எல்லை வகுத்தல்

அடையாளம் மாறுதல் யாவும் பிரிநிலை ஆகா. இவ்வேறுபாட்டினைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சான்றோர் இருவர் வரலாறு தெளிவுறக் காட்டும்.

திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார் சமண் சமயஞ் சார்ந்து தருமசேனர் ஆயினார். பின்னர்த் திருவதிகையில் மீண்டு நாவுக்கரசர் எனப்பட்டார். கல்லோடு கடலில் இடப்பட்ட அவர் கரையேறிய இடம் கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் எனப் பெரிய புராணம் கூறும். ஈண்டுப் பெயர் மூன்று, நினைவோ ஒன்று. தருமசேனராய் வாழ்ந்த காலத்தை நாவுக்கரசர் மறந்திலர், நினைந்து இரங்குகின்றார். இஃது ஓர் ஆள் தம் வழியை மாற்றிக்கொண்ட நிலையேயன்றி வேற்றாள் தோன்றிய நிலையன்று.

ஆதனூர் நந்தனார் வரலாறு இதனினும் நுண்ணியது. தில்லையில் தீயிற் புக்கு எழுந்த அவர் முந்நூல் விளங்கும் முனிவராய்த் தோன்றினார் எனச் சேக்கிழார் பாடினார். உள்ளே இருந்த ஆள் மாறவில்லை. ஊரார் கண்ணுக்குப் புலனாகிய உடலே மாற்றப்பட்டது. அவர் அன்பு முன்பும் பின்பும் ஒன்றே ஆகவும், கோயிலுட் புக உடலின் குலம் மாறவேண்டியதாயிற்று. குலம் என்பது ஒருவர் உள்ளத்தில் மட்டும் உறைவதன்று; காண்போர் கண்ணிலும் உறைவது என்னும் உண்மை இதனாற் பெறப்படும்.

2. சிலம்பில் இரு காட்சிகள்

உடல் மாறாது ஆள் மாறும் நிலைக்குச் சிலப்பதிகாரம் சிறந்த சான்றுகள் தருகின்றது.

வேட்டுவ வரியில் மறக்குடிப் பிறந்த சாலினி தெய்வமுற்று ஆடுகின்றாள். எயினர் தம் குலத்தொழிலாகிய ஆகோளை மறந்து அறக்குடியினர் போல் அடங்கினர் என்றும், கொற்றவைக்குக் கடன் கொடுத்தல் வேண்டும் என்றும் அவள் வாய்வழித் தெய்வம் கூறுகின்றது. குரல் தெய்வத்தினது, கவலையோ எயினர் குலத்தினது. அக்குடி தன்னைப் பற்றித் தானே வெளிப்படக் கூறமாட்டாததொன்றைச் சாலினி வாய் கூறிற்று.

வரந்தரு காதையிலோ தேவந்திமேல் தெய்வம் ஏறுகின்றது. அதன் ஏவலின்படி நீர் தெளிக்கப்பட்ட சிறுமியர் மூவர் பழம்பிறப்பு எய்திப் பேசுகின்றனர். அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்கள் கண்ணகியின் தாயாகவும் கோவலன் தாயாகவும் அரற்றுகின்றனர். சேடக் குடும்பியின் மகள் ஆயர்மகள் மாதரியாகின்றாள். வணிகத் தாயர் வணிகர் மனையிலேயே பிறந்து பேச, இவளோ சேரநாட்டிற் கோயிற் பணியாளர் மனையிற் பிறந்தும் மதுரை இடைச்சியாய் நின்று பேசுகின்றாள். குலங் கடந்து வரும் வேற்றாளை நம் காப்பியம் பழம்பிறப்புக் கொள்கையால் விளக்கிற்று. உளமருத்துவம் அதனையே நினைவின் பிளவால் விளக்க முயல்கின்றது. விளக்கம் வேறாயினும், காப்பியத்தில் அவ்வேற்றாளைக் கண்டோர் எள்ளினாரல்லர். செவி கொடுத்தனர் என்பது போற்றத்தக்கது.

3. ஊர் வழக்கு

இலக்கியத்திற் கண்டது ஊர் வழக்கில் இன்றும் மறையவில்லை. 1993-இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், செஞ்சிப் பகுதியின் பேயோட்டுச் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபகோவ் என்னும் மானிடவியலார் 2000-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். புதிதாய் மணமான பெண்களைப் பற்றுவன பெரும்பாலும் அகாலத்தில் இறந்த ஆடவர் ஆவிகள் எனக் கருதப்படுதலை அவர் விரித்துரைக்கின்றார். பூசாரி பெயர் கேட்பார், ஊர் கேட்பார், இறந்த வகை கேட்பார். விடை வரும்வரை விடார். இதனால் அறியத்தக்கது ஒன்றுண்டு. உருவற்று எழுந்த துன்பம் ஒரு பெயரும் ஊரும் உடைய வேற்றாளாகத் திரள்வது கேட்போர் வினாக்களாலும் ஆகும். சடங்கு பெண்ணை மீட்கின்றது என்பர். ஆயின் அவள் விரும்பிய தன்னிலைக்கன்றிச் சுற்றத்தார் விரும்பிய தன்னிலைக்கே மீட்கின்றது என்பது நபகோவ் கருத்தின் சாரம்.

இந்தியாவில் ஆவேசம் பெருவழக்காகவும் பல ஆளுமை அருவழக்காகவும் காணப்படுதலை 1989-இல் ஆதித்யஞ்சி முதலிய மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். 2013-ஆம் ஆண்டுக் கையேடு, சில பண்பாடுகளில் இந்நோய் ஆவேச வடிவில் வெளிப்படும் என ஏற்றுக்கொண்டது. அதனோடு, சமய வழக்காக ஏற்கப்பட்ட சாமியாட்டத்தை நோயெனக் கொள்ளலாகாது என்றும் விலக்கிற்று. திருவிழாவில் அருள்வந்து ஆடுவாரையும் துன்புற்று நிலைகுலைந்தாரையும் ஒன்றெனக் கருதுதல் பிழை என்க.

4. அயலாரும் வேற்றாளும்

1974-இல் நாகபுரியைச் சேர்ந்த மராத்தியப் பெண்மணி ஒருவர், பழங்கால வங்காள இல்லத்தரசியாகத் தம்மைக் கூறி, வங்காளம் பேசி, மராத்தியம் அறியாதவர் போல் இருந்தார்; சின்னாட் கழித்துத் தம்நிலை எய்தினார்; இது பன்முறை நிகழ்ந்தது. இயன் சிடீவன்சன் இதனை மறுபிறப்பின் சான்றாகக் கருதி ஆராய்ந்தார். அப்பெண்மணி முன்னரே வங்காள எழுத்துக்களைச் சிறிது பயின்றிருந்தமை ஆய்விலேயே குறிக்கப்பட்டுள்ளது. மொழியியலார் சாரா தாமசன் போன்றோர் சிடீவன்சன் முடிவுகளை ஏற்கவில்லை. எவ்வாறாயினும், வேற்றாள் தோன்றுதற்குரிய வித்து முன்னமே உள்ளத்தில் வீழ்ந்திருந்தது என்று கொள்ள இடமுண்டு.

திரைக்கதை ஒன்றின் வரலாறு இதனை மேலும் விளக்கும். 1993-இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படத்தில் தலைவியின் வேற்றாள் தஞ்சையிலிருந்து வந்த தமிழ் நடனமாது. அக்கதை 2005-இல் தமிழில் ‘சந்திரமுகி’ ஆயிற்று. அதன் வேற்றாள் தெலுங்கு பேசுகின்றாள். 2007-ஆம் ஆண்டு இந்திப் படத்திலோ அவள் வங்காளத்தாள். மலையாளிக்குத் தமிழர், தமிழர்க்குத் தெலுங்கர், இந்தியார்க்கு வங்காளர் என ஒவ்வொரு மொழியும் தன் உள்ளத்து அச்சத்தை அயலார்மேல் ஏற்றியது. அவ்வினத்தார் அவ்வச்சத்திற்கு எவ்வாற்றானும் பொறுப்பாகார். கதை செய்வோர் கையாளும் இம்முறையை நோயுற்ற உள்ளம் நினையாமலே கையாளுகின்றது எனல் பொருந்தும். வலிமை வேண்டிய உள்ளம் தன் சமூகம் யாரை வலியர் என மதிக்கின்றதோ அவரையும், சொல்லலாகாததைச் சொல்ல விழைந்த உள்ளம் எவர்க்கு அச்சொல் உரியதென ஊர் கருதுகின்றதோ அவரையும் வேற்றாளாக்கிக் கொள்ளும்.

5. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும்.

முதலாவது, வேற்றாளின் இனம் குருதியினின்று வருவதன்று. கேட்டும் கண்டும் அஞ்சியும் விரும்பியும் கற்ற சமூக அறிவினின்று வருவது. ஆதலின் அஃது அவ்வினத்தாரைப் பற்றிய சான்றாகாது. அவ்வினம் பற்றி ஊரார் கொண்ட எண்ணத்திற்கே சான்றாகும்.

இரண்டாவது, கற்றது என்பதனால் அது நடிப்பாகாது. நம் இயல்பான குல உணர்வும் மொழியுணர்வும் பிறந்தபின் கற்றனவே அன்றோ? அவற்றைப் பொய்யென்னாத நாம், நோயுற்றார் உணர்வை மட்டும் பொய்யென்றல் முறையன்று.

மூன்றாவது, உணர்வு மெய்யாயினும் உலகம் உடலையே நோக்கும். வேற்றாள் தம்மை எவ்வினத்தார் எனக் கூறினும், கடையிலும் பள்ளியிலும் கோயிலிலும் அவர் பெறும் மதிப்பும் அவமதிப்பும் உடலின் இனத்தைப் பற்றியே வருவன. நந்தனார் வரலாறு உணர்த்திய இவ்வுண்மை, இந்நோயுற்றார்க்கு இரட்டைத் துன்பமாகின்றது. அதுபோலவே, வேற்றாளின் உரிமைக்கூற்றால் அவ்வினத்தார் தலைமுறை தலைமுறையாகப் பட்ட பாட்டிற்கு ஒருவர் பங்காளி ஆகிவிடுதலும் இல்லை.

ஆதலின், வேற்றாளைக் காணும் உறவினரும் மருத்துவரும் ஆய்வாளரும் ‘இது மெய்யோ, பொய்யோ’ என்னும் வினாவில் நின்றுவிடாது, ‘இவர் ஏன் இவ்வினத்தாராய் வந்தார்? எதனைக் கூற வந்தார்?’ என்று வினவுதல் வேண்டும். சாலினியின் குரலில் எயினர் தம் குலத்தின் தேய்வைக் கேட்டனர். தென்னார்க்காட்டு மணப்பெண்ணின் வாயில் எழும் ஆடவன் குரலிலும் கேட்கத்தக்கது ஒன்று இருத்தல் கூடும். அதனைக் கேளாமுன் ஓட்டிவிடின், ஓடுவது பேய் மட்டுமன்று, அப்பெண் கூற வந்த செய்தியும் ஆகும்.