மனிதவள ஆராய்ச்சியும் பொதுத்துறையும்

தொழிற்கூடத்தின் உற்பத்தி இயந்திரங்களை மட்டுமன்றி, அவற்றை இயக்குவோரின் மனநிலையையும் சார்ந்துள்ளது. இதனை முறைப்படி ஆராயும் துறையே நிறுவன நடத்தையியல்.

1973-ல் நிறுவப்பட்ட பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகம், லாங்ஃபோர்டு சாலையில் வாடகைக் கட்டிடத்தில் இயங்கி, பின்னர் பன்னேர்கட்டா சாலைக்கு இடம்பெயர்ந்தது. பொதுத்துறையின் மேலாண்மைத் தேவைகளுக்கு அது தொடக்கத்தில் முதலிடம் அளித்தது.

அத்தேவையின் ஆழத்தை, 1980 இறுதியில் தொடங்கி 1981 மார்ச் வரை பெங்களூரில் நீடித்த பொதுத்துறை வேலைநிறுத்தம் உணர்த்தியது. எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. முதலிய நிறுவனங்களின் தொழிலாளர், பி.எச்.இ.எல். ஊழியருக்கு இணையான ஊதியம் கோரினர். ஊதியத்தின் அளவு மட்டுமன்று, பிறர் பெறுவதோடு செய்யும் ஒப்பீடும் மனநிறைவைத் தீர்மானிக்கிறது என்பது, ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் 1963-ல் வெளியிட்ட சமநீதிக் கோட்பாட்டின் சாரமாகும்.

முனைவர் பட்ட ஆய்வு இங்கிருந்தே தொடங்கலாம். தொழிலாளர் தம்மை யாருடன் ஒப்பிடுகின்றனர்? எவ்வளவு வேறுபாட்டை நியாயமெனக் கொள்கின்றனர்? அயல்நாட்டுக் கோட்பாடு நமது தொழிற்கூடங்களுக்குப் பொருந்துமா? ஆய்வாளர் பேட்டி, வினாப்பட்டியல், நேரடிக் கவனிப்பு ஆகியவற்றால் சான்று திரட்டி, மாற்று விளக்கங்களையும் சோதித்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

மேலாண்மைக் கழகங்கள் நெடுங்காலம் இத்தகைய ஆய்வுக்கு ‘ஃபெல்லோ’ என்னும் தகுதியையே வழங்கிவந்தன. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்ததால், பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றன. மனக்குறை வேலைநிறுத்தமாக முற்றுமுன் அதனைக் கண்டறிய உதவும்போதே, இவ்வாய்வுகளின் பயன் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் ஒருங்கே கிட்டும்.